‘க்’குக்குப் பின்னால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கணினிப் பொறியியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். நெட்வொர்க் செக்யூரிட்டி வேலைக்குப் போக ஆசை. கிரிப்டோகிராஃபியை, அதாவது சங்கேதக் கலையை, எங்கிருந்து தொடங்குவது? கணக்கு ரொம்ப வேண்டுமா? நானே ஒரு என்கிரிப்ஷன் முறை எழுதியிருக்கிறேன். முறையே யாருக்கும் தெரியாததால் உடைக்க முடியாது. பார்த்துச் சொல்வீர்களா?

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள தம்பி,

கணக்கு வேண்டும். பகா எண்களும் வகுத்தால் வரும் மீதியின் கணக்கும் பழகினால் ஆர்எஸ்ஏ என்ற சங்கேத முறை புரியும். எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள்.

உங்கள் முறையைப் பார்க்க மாட்டேன். ‘யாருக்கும் தெரியாது’ என்பதெல்லாம் ஒரு பாதுகாப்பா? முறை எதிரி கையில் சிக்கினாலும் குடிமுழுகக் கூடாது என்று கெர்க்கோஃப்ஸ் என்ற சங்கேத அறிஞர் 1883லேயே எழுதிவிட்டார். இன்று உலகமே நம்பும் ஏஇஎஸ் என்ற சங்கேத முறையின் ஒவ்வொரு படியும் 2001 முதல் அச்சில் கிடக்கிறது. ரகசியம் சாவி மட்டும்தான். முதலில் நாலு பழைய சங்கேதங்களை உடைத்துவிட்டு வாருங்கள்.

கோபம் உங்கள் மேல் இல்லை. பத்தொன்பது வயதில் விடுதியில் நானும் நாட்குறிப்பைச் சங்கேதத்தில் எழுதினேன். மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்: க-வுக்கு முக்கோணம், ம-வுக்கு நண்டு மாதிரி ஒன்று. கால், கொம்பு, புள்ளியெல்லாம் அப்படியே. அறைத்தோழன் தமிழ் இலக்கியம் படித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் புரட்டிவிட்டு, “முக்கோணத்துக்குப் புள்ளி வச்சா அடுத்ததும் முக்கோணம்தான் வருது. அப்ப இது க, ச, த, ப நாலுல ஒண்ணுடா” என்றான். நன்னூலில் மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்பதைப் படித்தவனுக்கு அது போதும். அந்த நான்கும் புள்ளி பெற்றால் பின்னால் அதே எழுத்தை மட்டுமே வரவிடும். பக்தி, சக்தி என்று வடசொல் ஏதாவது எழுதியிருந்தால் கொஞ்சம் திணறியிருப்பான். அந்த வயதில் எனக்கேது பக்தி! சொல்லின் கடைசியில் புள்ளியோடு அடிக்கடி நின்ற நண்டை ‘ம்’ என்றான். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முழுப் பக்கமும் முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் சங்கேத இயந்திரமான எனிக்மா மாட்டியதிலும் இதே சங்கதிக்குப் பங்குண்டு. அந்த இயந்திரத்தில் ஏ ஒருபோதும் ஏ ஆக வராது. அதை உடைத்த பிரிட்டிஷ்காரர்கள் பிளெட்ச்லி பார்க்கில், வானிலைச் செய்தியில் ‘வெட்டர்’ (ஜெர்மனில் வானிலை) இருக்கும் என்று ஊகித்து அதைச் சங்கேத வரியின் கீழே வைத்து நகர்த்துவார்கள். ஓர் எழுத்து நேருக்கு நேர் ஒத்துப்போனால் அந்த இடத்தில் அந்தச் சொல் இல்லை. எது வரும் என்பதைவிட எது வரவே வராது என்பதில்தான் சங்கேதம் வழுக்கி விழுகிறது. உங்கள் முறையில் எது வராது? யோசித்தீர்களா? மாட்டீர்கள், செய்தவன் கண்ணுக்கு அது படாது. சாவியைத் தவிர எல்லாவற்றையும் ஒரு நண்பனிடம் கொடுங்கள்.

என் நண்பன் அன்று உரக்க வாசித்த முதல் வரி, ‘இவன் குறட்டையில் தூக்கமே போச்சு.’ வாசித்துவிட்டுச் சிரித்தான். அன்றிரவு அவன் குறட்டை விடவில்லை. தூங்கவே இல்லை என்று நினைக்கிறேன்.