எழுதியவருக்குச் சோறு போட்டது யார்?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியை.

ஷேக்ஸ்பியர் காலத்தில் கவிதை எழுதியே ஒருவர் குடும்பம் நடத்த முடிந்ததா? எங்கள் பாடத்தில் பிறந்த வருடம், இறந்த வருடம், நூல்களின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.
*கல்லூரி மாணவர், கன்னங்குறிச்சி*

முடியவில்லை, தம்பி. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கவிதையை விட்டு விலகிய கேள்வி இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அன்றைய லண்டனில் நூலின் உரிமை எழுதியவரிடம் இல்லை. 1557இல் அரச சாசனம் பெற்ற ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற அச்சுத் தொழில் சங்கத்தின் பதிவேட்டில் எந்தப் பதிப்பாளர் பெயர் ஏறியதோ, உரிமை அவருக்குத்தான். எழுதியவர் பெரும்பாலும் ஒரே தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். கொஞ்சம் மேலான ஒப்பந்தம் கிடைத்தவர் மில்டன். 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்துக்கு 1667 ஏப்ரலில் கையில் ஐந்து பவுண்டு, முதல் பதிப்பில் 1,300 பிரதி விற்றால் இன்னும் ஐந்து பவுண்டு என்று பேச்சு. பார்வை போன பிறகு, மனதில் கட்டிய வரிகளைப் பிறரிடம் சொல்லி எழுதவைத்த பத்தாயிரம் வரிக்கு மேற்பட்ட நூல் அது. அவர் இறந்த பிறகு, 1680இல், மனைவி எலிசபெத் மிச்சமிருந்த உரிமையையும் எட்டு பவுண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்படியானால் சோறு? வள்ளல்கள்தான் போட வேண்டும். நமக்கு இது புதிதில்லை. பக்கத்துத் தகடூரில் அதியமான், கொல்லிமலையில் ஓரி. பரிசில் தர அதியமான் காலம் தாழ்த்தியபோது, எந்தத் திசைக்குப் போனாலும் எனக்குச் சோறு கிடைக்கும் என்று ஔவையார் வாயில்காப்போனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பும் புறநானூற்றுப் பாட்டை வகுப்பில் முதலில் வாசித்துவிட்டு, அப்புறம்தான் ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சரைத் தொடங்குவேன். ஸ்பென்சர் 1590இல் 'ஃபேரி குவீன்' முதல் மூன்று பாகங்களை எலிசபெத் அரசிக்குக் காணிக்கையாக்கினார். பெரிய பிரபுக்களுக்கும் தனித்தனியே ஒரு சானெட் (14 வரிக் கவிதை) எழுதி உள்ளே வைத்தார். மறுவருடம் ஆண்டுக்கு ஐம்பது பவுண்டு மானியம் வந்தது. அயர்லாந்தில் அவர் குடியிருந்த நிலம் அந்த ஊர்க்காரர்களிடமிருந்து ஆங்கில ஆட்சி பறித்தது. 1598 கிளர்ச்சியில் அந்த வீடு எரிந்தது. அவர் வரிகளின் அழகை நான் முழு மனதோடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதையும் விடாமல் சொல்லித்தான் கொடுத்தேன்.

ஷேக்ஸ்பியரும் இந்த வழியில் நடந்து பார்த்தவர்தான். கொள்ளைநோயால் 1592 முதல் 1594 வரை நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அந்த இடைவெளியில்தான் 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' (1593), 'லுக்ரீஸ்' (1594) என்ற இரண்டு நெடுங்கவிதைகளும் வந்தன. இரண்டும் சவுத்தாம்டன் பிரபுவுக்குக் காணிக்கை. முதல் நூல் வந்தபோது அந்தப் பிள்ளைக்கு வயது 19. அரங்குகள் திறந்தன, ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் பங்குதாரர் ஆனார். அதன் பிறகு எந்தப் பிரபுவுக்கும் அவர் ஒரு நூலைக்கூடக் காணிக்கையாக்கவில்லை. வசூலில் பங்கு வந்தது. வாசலில் காத்து நிற்கும் வேலை முடிந்தது. அவருடைய நாடகங்களில் அரசனையும் அடிமையையும் ஒரே நேர்மையோடு பேசவிட்டதற்கு இந்தச் சுதந்திரமும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சானெட்டுக்கு ஏன் 14 வரி?
*ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஆத்தூர்*

இத்தாலியில் பிறந்தபோதே அந்த அளவுதான், கண்ணு. அங்கே எட்டு வரி, பிறகு ஆறு. இங்கிலாந்துக்கு வந்ததும் நான்கு, நான்கு, நான்கு, கடைசியில் இரண்டு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கடைசி இரண்டு வரியை மட்டும் சத்தமாகப் படித்துப் பார்.

பிரபுக்களும் அரண்மனைக்காரர்களும்தான் கவிஞர்களா? எங்களைப் போலக் கைத்தொழில் வீட்டிலிருந்து யாரும் வரவில்லையா?
*கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், செவ்வாய்ப்பேட்டை*

வந்தார்கள், ஐயா. ஷேக்ஸ்பியரின் அப்பா கையுறை தைத்தவர். நாடகாசிரியர் மார்லோவின் அப்பா செருப்புத் தைத்தவர். பென் ஜான்சன் கொத்தனார் வேலை பார்த்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இரண்டு பெண்களைப் பற்றி. பிரான்சின் லியோன் நகரம் பட்டுக்கும் அச்சுக்கும் பேர்போனது. அங்கே கயிறு திரிக்கும் தொழிலாளியின் மகள் லூயிஸ் லபே. வாழ்க்கைப்பட்டதும் கயிற்றுத் தொழில் வீட்டில்தான். 1555இல் அவர் நூல் வந்தது. அதை அச்சிடும் அரச அனுமதி அவர் பெயருக்கே கிடைத்தது. உள்ளே 24 சானெட்டுகள். தன் ஆசையை, தன் கோபத்தை ஒரு பெண் தானே சொல்லும் கவிதைகள். தக்களியையும் கதிரையும் விட்டுக் கொஞ்சம் தலைநிமிர்ந்து படிக்க வாருங்கள் என்று முன்னுரையில் பெண்களை அழைக்கிறார். இவற்றை ஆண் கவிஞர்கள் கூடி அவர் பெயரில் எழுதினார்கள் என்று மிரேய் யுஷோன் என்ற ஆய்வாளர் 2006இல் வாதிட்டார். நான் அதை ஏற்கவில்லை. கயிற்றுக்காரர் மகளுக்கு இவ்வளவு படிப்பா என்ற சந்தேகம் அந்த வாதத்தின் அடியில் கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொருவர் லண்டனின் இசபெல்லா விட்னி. வீட்டு வேலை போய், கையில் காசில்லாமல் ஊரை விட்டுப் போக வேண்டிய நிலையில் லண்டன் நகரத்துக்கே ஓர் உயில் எழுதினார், 1573இல் அச்சானது. தெருத் தெருவாக நடந்து, கறிக்கடை, துணிக்கடை, பொற்கொல்லர் வீதி, சிறைச்சாலை, புத்தகக்கடை என்று ஒவ்வொன்றையும் லண்டனுக்கே எழுதிவைக்கிறார். வாங்க முடியாதவர் எல்லாவற்றையும் தானம் செய்கிறார். உங்கள் கடைவீதியை அப்படி ஒருவர் வரிசையாகப் பாடினால் எப்படி இருக்கும்! இவரை ஏன் பாடத்தில் வைப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

நாங்கள் காப்பி பயிரிடுகிறவர்கள். காப்பிக்கும் ஆங்கிலக் கவிதைக்கும் தொடர்பு உண்டு என்று மகள் சொல்கிறாள். உண்மையா?
*தோட்டக்காரர், நாகலூர்*

உங்கள் மகள் சொன்னது சரி. நம் சேர்வராயன் மலைக்குக் காப்பி 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. லண்டனில் பாஸ்குவா ரோசே என்பவர் 1652லேயே கடை போட்டுவிட்டார். ஒரு பென்னி கொடுத்தால் உள்ளே உட்கார்ந்து யாரோடும் பேசலாம். அந்தப் பேச்சைப் பார்த்துப் பயந்து, காப்பிக்கடைகளை மூடச்சொல்லி 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் ஆணையிட்டார். எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் பின்வாங்க வேண்டியதாயிற்று.

கவிஞர்கள் கூடியது கோவென்ட் கார்டன் பக்கம் வில்ஸ் காப்பிக்கடையில். அங்கே கவிஞர் டிரைடனுக்குக் குளிர்காலத்தில் கணப்பின் அருகில் ஒரு நாற்காலி, கோடையில் பால்கனியில் ஒரு நாற்காலி. இளைஞர்கள் அவர் தீர்ப்பைக் கேட்கக் காத்திருப்பார்கள். 1679இல் ஒரு டிசம்பர் இரவு, ரோஸ் சந்தில் கூலியாட்கள் அவரை அடித்துப் போட்டார்கள். பிறகு மதம் காரணமாக அரசவைக் கவிஞர் பதவியும் போயிற்று. வயதான காலத்தில் அவரைக் காப்பாற்றியது, லத்தீன் கவிஞர் வெர்ஜிலை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த நூல் (1697). முன்கூட்டியே சந்தா கட்டியவர்களின் பணத்தில் வந்த நூல் அது; ஐந்து கினி (அன்றைய தங்க நாணயம்) கொடுத்தவர்களின் பெயரும் குலச்சின்னமும் படங்களின் கீழே அச்சாயின. ஒரே பிரபுவை நம்பாமல் நூற்றுக்கணக்கான வாசகர்களை நம்பலாம் என்று அப்போது தெரிந்தது.

பாரிஸில் பேச்சு நடந்தது பெண்களின் வீட்டுக்கூடங்களில். 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ராம்புயே சீமாட்டியின் நீல அறையில் கவிஞர்கள் புதுக் கவிதையைப் படித்துக் காட்டுவார்கள். லண்டன் காப்பிக்கடையில் பெண்கள் கடை நடத்தலாம், விவாதத்தில் உட்கார இடமில்லை. அந்த வகையில் எனக்கு பாரிஸ்தான் ஒருபடி மேல்.

பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்தேனின் நீதிக்கதைகள் நம் பஞ்சதந்திரத்திலிருந்து எடுத்தவையா?
*ஆசிரியை, ஓமலூர்*

எல்லாம் இல்லை, டீச்சர். 1668இல் வந்த முதல் தொகுப்பு பெரும்பாலும் ஈசாப் கதைகள். 1678இல் வெளிவரத் தொடங்கிய இரண்டாம் தொகுப்பின் முன்னுரையில், இவற்றில் பெரும்பகுதிக்கு இந்திய ஞானி பில்பேவுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று அவரே நன்றியோடு எழுதுகிறார். சமஸ்கிருதத்திலிருந்து பாரசீகத்துக்கும் அரபுக்கும் போன கதைகள், மறுபடி பாரசீகம் வழியாக 1644இல் பிரெஞ்சில் அச்சாகியிருந்தன. இவருக்கும் சோறு போட ஆள் வேண்டியிருந்தது. முதல் வள்ளல் ஃபூக்கே 1661இல் கைதாகிவிட்டார். பிறகு மதாம் தெ லா சப்ளியேர் என்ற பெண்மணி ஏறக்குறைய இருபது வருடம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

வகுப்புக்கு நான் சொல்வது ஆமைக் கதை. நம் கதையில் அன்னங்கள் குச்சியின் இரு முனையைக் கவ்விப் பறக்கின்றன. ஊரார் சத்தம் கேட்டு ஆமை வாய் திறக்கிறது. லா ஃபோன்தேனிடம் அன்னத்துக்குப் பதில் வாத்துகள். அமெரிக்காவைக்கூடப் பார்க்கலாம் என்று ஆசை காட்டுகின்றன. கீழே ஜனங்கள், "ஆமைகளின் ராணி போகிறாள் பார்" என்கிறார்கள். "ஆமாம், ராணிதான்" என்று சொல்ல வாயைத் திறக்கிறது ஆமை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கவிட்டு, ஆமை எதற்காக வாயைத் திறந்தது என்று மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்.