சிவப்புத் தண்ணீருக்குப் பன்னிரண்டு டாலரா?

மே பிறந்தாலே ஹம்மிங்பேர்டு என்ற குட்டிப் பறவையைப் பற்றிய கடிதங்கள் வந்து குவிகின்றன. 'ஓசனிச்சிட்டு என்று நல்ல தமிழில் எழுதக்கூடாதா?' என்று ஒருவர் கோபித்திருக்கிறார். எழுதலாம். ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்டால், அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் ஃபீடர் கிடைக்காதே!

கேள்வி: ஏப்ரல் கடைசியில் ஃபீடரை நிரப்பித் தொங்கவிட்டேன். முதல் வாரம் இரண்டு பறவைகள் வந்தன. இப்போது ஐந்து வாரமாகிறது, ஒன்றும் வருவதில்லை. தண்ணீரும் குறையவில்லை. ஃபீடரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
(எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: ஐந்து வாரமும் அதே தண்ணீரா? இட்லி மாவை ஐந்து வாரம் வாசலில் தொங்கவிட்டு, விருந்தாளி வரவில்லையே என்று கேட்பீர்களா? சர்க்கரைத் தண்ணீர் வெயிலில் புளிக்கும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் தினமும், முடியாவிட்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். 70களில் இருந்தால் மூன்று நாள். குளிர்ந்த வாரங்களில் அதிகபட்சம் ஒரு வாரம். கலங்கினாலோ, நூல் நூலாக ஏதாவது மிதந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் கொட்டுங்கள். குறையவில்லை என்பது வைத்திருக்கக் காரணம் ஆகாது. அடுத்த முறை பாதி மட்டும் நிரப்புங்கள். ஃபீடர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கேள்வி: ஃபீடரில் ஊற்ற 64 அவுன்ஸ் ரெடிமேட் சிவப்பு நெக்டர் (இனிப்புத் தண்ணீர்) 12 டாலருக்கு வாங்கினேன். 'நீண்ட நாள் கெடாது' என்று லேபிளில் பெரிதாகப் போட்டிருந்தது. நான்காம் நாளே ஃபீடரின் துளைகளில் கறுப்பாகப் படிந்துவிட்டது. திறந்த பாட்டிலுக்குப் பணம் தரமாட்டோம் என்கிறது கடை.
(ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்)

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. பெரிய எழுத்தை நம்பி வாங்கினீர்கள், அவ்வளவுதான். கெடாது என்பது மூடி திறக்காத பாட்டிலுக்கு. ஃபீடரில் ஊற்றி, டெக்சாஸ் வெயில் பட்டு, பத்துப் பறவைகள் நாக்கை விட்டபிறகு கெடாமலிருக்கச் சேர்த்த பதப்பொருள் என்ன செய்யும்? லேபிளையும் கறுத்த ஃபீடரையும் படம் எடுத்துத் தயாரிப்பாளருக்கே அனுப்புங்கள். என் அனுபவத்தில், கடையைவிட அவர்கள் சீக்கிரம் இறங்கி வருவார்கள்.

இந்தச் சிவப்புத் தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு, கொட்டிவிடுகிறேன். ஹம்மிங்பேர்டுக்கு வேண்டியது ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். வேறு எதுவும் வேண்டாம். 64 அவுன்ஸ் என்றால் 8 கப். அந்த அளவு தயாரிக்க ஒன்றே முக்கால் கப் சர்க்கரை, ஏறக்குறைய 350 கிராம் போதும். 4 பவுண்டு சர்க்கரைப் பை ஒன்றில் இப்படி ஐந்து பாட்டில் செய்துவிடலாம். நீங்கள் 12 டாலர் கொடுத்துக் காரில் ஏற்றி வந்தது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் உங்கள் வீட்டுக் குழாயிலேயே வருகிறது!

சரி, சிவப்பு எதற்கு? பறவைக்காக இல்லை, வாங்கும் உங்கள் கண்ணுக்காக. பூக்களில் ஊறும் தேனுக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. சிவப்பைப் பார்த்துப் பறவை வரும் என்பது உண்மைதான், அதற்கு ஃபீடரின் மூடி சிவப்பாக இருந்தால் போதும். ரெட் 40 என்ற சாயம் பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. மூன்று கிராம் எடையுள்ள பறவைக்கு அதனால் நயா பைசா நன்மை இல்லை. தண்ணீரில் கரைக்கும் பொடிப் பாக்கெட்டும் இதே கதைதான். அமெரிக்கா வந்த புதிதில் அந்தப் பொடியை ஆறு டப்பா 'ஆஃபரில்' வாங்கினேன். இரண்டு இன்னும் கராஜில் கல்லாக இறுகிக் கிடக்கின்றன.

கேள்வி: நாங்கள் வீட்டில் வெள்ளைச் சீனி பாவிப்பதில்லை. பனங்கட்டியோ தேனோ கரைத்து விடலாமோ?
(ஸ்காபரோ, கனடா)

பதில்: வேண்டாம். பனங்கட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை எல்லாவற்றிலும் இரும்புச்சத்து உண்டு. நமக்கு அது நல்லது, இந்தப் பறவையின் உடம்புக்குக் கூடுதல் இரும்பு ஆகாது. தேனில் தண்ணீர் கலந்தால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை வளரும். பூவில் கிடைக்கும் இனிப்புக்கு மிக நெருக்கமானது வெள்ளைச் சீனிதான். பறவைக்கென்று ஒரு சின்னப் பை வாங்கி வையுங்கள். உங்கள் தேநீரில் போடச் சொல்லவில்லை.

கேள்வி: ஐசிங் சுகர் சீக்கிரம் கரைகிறதே, போடலாமா?

பதில்: கூடாது. அதில் சோளமாவு கலந்திருக்கும்.

கேள்வி: மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஃபீடரில் எறும்பு மொய்க்கிறது. கம்பியில் விளக்கெண்ணெய் தடவினேன். மாப்பிள்ளை கூடாது என்கிறார்.
(ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா)

பதில்: மாப்பிள்ளை சொல்வது சரி அம்மா. எண்ணெய் இறகில் ஒட்டினால் பறவையால் அதைக் கழுவ முடியாது. சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள். ஊரில் பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைப்பீர்களே, அதே வித்தைதான் இங்கேயும். ஃபீடருக்கு மேலே மாட்டும் சின்னக் கிண்ணம் ஒன்று 'ஆன்ட் மோட்' என்று கடையில் கிடைக்கிறது. அதில் வெறும் தண்ணீர் ஊற்றினால் எறும்பு கீழே இறங்காது. வெயிலில் வற்றிவிடும், தினமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையால் ஊதிச் செய்த கண்ணாடி ஃபீடர், 48 டாலர், மிக அழகு. தங்கைக்குப் பரிசாக வாங்கலாமா?

பதில்: தங்கையோடு சண்டையா? ஏறக்குறைய அதே விலைக்கு அதே மாதிரி ஒன்று வாங்கியவன் சொல்கிறேன். கழுத்து குறுகல், எந்த பிரஷ்ஷும் உள்ளே போகாது. அரிசியும் வெந்நீரும் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன், அடியில் படிந்த கறுப்பு அசையவில்லை. மத்தியானமானால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும், சொட்டுச் சொட்டாக ஒழுகும், குளவி வரும். இப்போது அதில் மணி பிளான்ட் வளர்கிறது. நன்றாகவே வளர்கிறது.

தட்டு மாதிரி இருக்கும் ஃபீடர் வாங்குங்கள். மூடியைக் கழற்றினால் இரண்டே பாகம், மூலைமுடுக்கு எல்லாம் விரல் எட்டவேண்டும். 8 அல்லது 12 அவுன்ஸ் போதும். மஞ்சள் பூ ஒட்டியதைத் தவிருங்கள், மஞ்சளுக்குத் தேனீயும் குளவியும் வரும். மிச்சமாகும் பணத்தில் நல்ல பாட்டில் பிரஷ் ஒன்று. தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் தேய்க்க வேண்டும். கறை இருந்தால் வெள்ளை வினிகர், அப்புறம் வாசனை போகும்வரை அலச வேண்டும். கடையில் வைத்தே கழற்றி மாட்டிப் பாருங்கள். கழற்ற முடியாததைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் ₹899 கொடுத்து ஹம்மிங்பேர்டு ஃபீடர் வாங்கினேன். 'உங்கள் தோட்டத்துக்கு ஹம்மிங்பேர்டை வரவழைக்கும்' என்று விளம்பரம். மூன்று மாதமாக வரவில்லை.
(கோயம்புத்தூர்)

பதில்: ஐயா, முப்பது வருடமானாலும் வராது. அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. நம் ஊரில் பூவில் தேன் குடிப்பது தேன்சிட்டு, அது வேறு குடும்பம். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் விற்ற தளத்தில் புகார் செய்யுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தேன்சிட்டு வரவேண்டுமா? செம்பருத்தியும் இட்லிப்பூவும் நடுங்கள். கழுவும் வேலை இல்லை.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்திருந்த நெக்டரை என் நாலு வயது மகன் ஜூஸ் என்று குடித்துவிட்டான். பயமாக இருக்கிறது.

பதில்: வீட்டில் செய்த சர்க்கரைத் தண்ணீர்தானே? பயம் வேண்டாம், வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் அதை வைக்காதீர்கள், செய்த தேதியைப் பாட்டிலில் ஒட்டுங்கள். மேல் தட்டில் வையுங்கள்.