சாட்சி நேரத்தில் சொல்ல முடியாமல் போனது

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

ஜவ்வாது மலை அடிவாரத்துக் கிராமங்களுக்கு ஊழியத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் மாதிரி ஒரு வாரம் வந்ததில்லை. திங்கட்கிழமை காய்ச்சல். செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இடத்தை வீட்டுக்காரர் திரும்பக் கேட்டுவிட்டார். வியாழக்கிழமை, மூன்று மாதமாக நான் போய்ப் பார்த்துவந்த தாத்தா இறந்துபோனார். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது, அடக்கத்துக்குக்கூடப் போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். "இந்த வாரம் முழுவதும் கர்த்தர் அதிசயமாய் நடத்தினார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அது பொய் மாதிரி உறுத்துகிறது. நன்றியே வராதபோது எப்படி நன்றி சொல்வது? என் விசுவாசம் போய்விட்டதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? அதை எழுதாமலே விட்டுவிட்டீர்கள்.

விசுவாசம் போனவருக்கு இது உறுத்தியிருக்காது. அதனால் கடைசிக் கேள்விக்கு நான் பதில் தேடப்போவதில்லை.

நம் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மாவின் கதை தெரியாதவர் இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும், அவர் டாக்டராகத் திரும்பி வந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அங்கிருந்து கதை சொல்கிறவர்கள் ஒரே தாவாக இன்றைய பெரிய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். நடுவில் இருக்கும் 1900ஆம் வருஷத்தை யாரும் சொல்வதில்லை. மிஷனரி டாக்டரான அப்பாவோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று ஆசையாக வந்தவருக்கு, சில மாதங்களிலேயே அந்த அப்பா இறந்துபோனார். கையில் இருந்தது வீட்டிலேயே ஒரு கட்டில் போட்டு நடத்திய வைத்தியசாலை. இளம்பெண் டாக்டர் என்பதால் ஆரம்பத்தில் ஜனங்கள் வரத் தயங்கினார்கள். 40 படுக்கை கொண்ட ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது 1902இல். அது வரப்போகிறது என்று நமக்குத் தெரியும். கட்டில் காலியாகக் கிடந்த நாளில் அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் இப்போது இருப்பது அந்த மாதிரி மாதங்களில் ஒன்றில்தான் தம்பி. அதில் இருந்துகொண்டு 1902இன் சாட்சியைச் சொல்லப் பார்த்தீர்கள். அதனால்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

13ஆம் சங்கீதத்தை எடுத்துப் படியுங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, "அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. பாடுவதற்காக அந்த முதல் வசனத்தை தாவீது அழித்துவிடவில்லை. நம் சபைகளில் முதல் வசனத்துக்கு இடமே கொடுப்பதில்லை என்பது எனக்குப் பல வருஷமாக வருத்தம்.

எனக்கு இருபத்துமூன்று வயதில் அப்படி ஒரு வாரம் வந்தது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டாவது படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி. படிப்பை நிறுத்த வேண்டாம் என்று அவள் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. வெளியூரில் வைத்துச் சத்தமில்லாமல் கல்யாணம் முடித்துவிட்டார்கள். அந்த மாதம் எனக்கு வர வேண்டிய படிப்பணமும் வரவில்லை. மதியம் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபம் வரவில்லை. அழுகைகூட வரவில்லை.

உள்ளே ஒரு ஆயா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மூஞ்சி இப்டி கெடக்குது? எயுந்து கைய கயுவு, மொதல்ல துன்னு" என்றார். கேழ்வரகுக் களி, நடுவில் குழி பண்ணி அதில் கீரைக் கடைசல். ஒரு சொம்புத் தண்ணீர். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அப்புறம் அந்தத் திண்ணையிலேயே தூங்கிப்போனேன்.

அந்த ஆயா சபைக்கு வருகிறவரில்லை. அவர் வீட்டு மாடத்தில் அவர் கும்பிடும் சாமிக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அன்று ராத்திரி வேதத்தைத் திறந்தபோது நான் தேடிப்போனது எலியா தீர்க்கதரிசியைத்தான். சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று படுத்தவனுக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பப் படுத்துக்கொள்கிறான். அதற்காக அவனை யாரும் கண்டிக்கவில்லை. அந்த அதிகாரத்தை எத்தனையோ தடவை படித்தவள் நான். களி தின்ற கையோடு படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்காக அல்ல. அதற்கு இன்றுவரை என்னால் நன்றி சொல்ல முடியாது. களிக்காகச் சொன்னேன். அந்த ஆயாவுக்காகச் சொன்னேன்.

ஆக, வாரம் முழுவதற்கும் சேர்த்து நன்றி சொல்லப் பார்க்காதீர்கள். மூன்று மாதம் அந்தத் தாத்தாவைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்? எங்கே உட்காரச் சொல்வார்? அடுத்த தடவை சபையில் கூப்பிட்டால், ஒரு தாத்தா இருந்தார், இறந்துவிட்டார், எனக்குத் துக்கமாக இருக்கிறது, அவரைத் தெரிந்துகொண்டதற்காக ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லுங்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும்வரை ஒரு மரத்தடி போதும். முதலில் உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள், ஊழிய நாட்களில் ஒரு நாளை விட்டுவிட்டுத் தூங்குங்கள். அடக்கத்துக்குப் போக முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரம் அந்த வீட்டுக்குப் போங்கள். ஜெபிக்க வேண்டும் என்று அவசரப்படாமல் கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள். சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அன்புடன்,
அக்கா