பின் சஸ்பென்ஷன் இறுகிவிட்டதா? காசை ஷாக்கில் போடும் முன்

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய அலுமினிய மவுண்டன் பைக், பின்பக்க சஸ்பென்ஷன் அசையவே மாட்டேன் என்கிறது, எண்ணூர் விரைவுச் சாலைப் பள்ளமெல்லாம் நேராக முதுகில் இறங்குகிறது, மெக்கானிக் ஸ்பிரே அடித்தால் இரண்டு நாள் தாங்குகிறது, அப்புறம் பழையபடிதான். புது ஷாக் வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஷாக்கை மட்டும் கழற்றுங்கள். காற்று ஷாக் என்றால் அழுத்தத்தைக் குறித்துவைத்துக்கொண்டு காற்றை இறக்குங்கள், ஸ்பிரிங் என்றால் அதை அழுத்திப் பிடித்திருக்கும் ப்ரீலோடு வளையத்தைத் தளர்த்துங்கள். ஷாக்கின் உடம்பைத் திறக்க வேண்டாம், அது ஆபத்து. பின் சக்கரத்தையும் எடுத்துவிட்டு ஸ்விங் ஆர்மை, அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் ஆடும் பாகத்தை, கையால் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே தடையில்லாமல் கீழே வந்தால் கோளாறு ஷாக்கில்தான். பாதியில் நின்றாலோ நெறநெறவென்று வந்தாலோ பிவட், அதாவது அந்த ஆர்ம் ஃபிரேமோடு சேர்ந்து ஆடும் மூட்டு, இறுகியிருக்கிறது. உங்கள் கடற்கரைக் காற்றை வைத்துச் சொன்னால் இதுதான் என்று எனக்குப் படுகிறது. உப்பு ஈரம் பட்டால் இரும்பு போல்ட்டும் அலுமினிய ஃபிரேமும் தொடும் இடத்தில் அரிப்பு வரும், அந்த வெள்ளைப் பொடிதான் இடுக்கை அடைக்கிறது.

போல்ட் வரவில்லையா, எல்-கீயில் பைப் மாட்டி முறுக்காதீர்கள், தலை வழுக்கிவிட்டால் வேலை மூன்று மடங்கு. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள், காலையில் அந்த மூட்டின் மேல் கொதிநீர் ஊற்றிவிட்டு உடனே திருப்புங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும்.

உள்ளே இருப்பது பேரிங் என்றால் அதன் ரப்பர் சீலிலேயே எண் இருக்கும். 6900 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 22, தடிமன் 6 மில்லிமீட்டர். 6902 என்றால் 15, 28, 7. பழசைக் கையோடு எடுத்துக்கொண்டு பாரிமுனைப் பக்கம் பேரிங் கடையில் காட்டுங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேளுங்கள். பிவட் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை, கொஞ்சமாக முன்னும் பின்னும் ஆடுவதோடு சரி. குண்டுகள் ஒரே இடத்தில் அடிவாங்கிப் பள்ளம் பறித்துவிடும், கிரீஸும் பரவாது. அதனால் புதுசாக இருந்தாலும் சீலை ஊசியால் மெதுவாக நெம்பி, தண்ணீர் தாங்கும் கிரீஸை வாய் நிறைய அடைத்து மூடுங்கள். காசிமேட்டில் படகு எஞ்சின் பார்ப்பவர்களிடம் கேட்டால் நல்ல கிரீஸ் எதுவென்று காட்டுவார்கள். மாட்டும்போது சுத்தியல் கூடாது: நீள போல்ட், நட்டு, வாஷர், சரியான அளவு சாக்கெட் வைத்து மெல்ல இறுக்கி, வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழும்படி உள்ளே தள்ளுங்கள்.

பேரிங் இல்லாமல் பிளாஸ்டிக் புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றி உட்காரும் குழல், இருந்தால் கதை வேறு. நைலான் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், மழைக்கு அப்புறம் வண்டி இன்னும் இறுகுகிறது என்றால் அதுவாக இருக்கலாம். லேத் பட்டறையில் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் கடையச் சொல்லுங்கள், அது அவ்வளவு உறிஞ்சாது. ஷாக்கின் இரு முனைப் புஷ்களையும் கூடவே பாருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஸ்பிரே பழைய கிரீஸைக் கரைத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் இரண்டு நாள் கணக்கு. இனி பிவட்டில் அடிக்க வேண்டாம். வாட்டர் வாஷில் பிரஷர் பைப்பையும் அந்தப் பக்கம் காட்ட விடாதீர்கள்.

எல்லாம் கழன்று கிடக்கும்போதே பிவட்டைச் சுற்றி ஃபிரேமைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் பேரிங்குக்குச் செலவழிக்காதீர்கள். தெருமுனை வெல்டிங்கை நம்பவும் வேண்டாம், வெல்டிங் சூட்டில் அந்த அலுமினியம் தன் பலத்தை இழந்துவிடும்.