மார்கோ மெட்டராஸி: ஜிடானிடம் முட்டு வாங்கியதைத் தவிர கால்பந்தில் அவர் என்ன சாதித்தார்?

கேள்வியைப் படித்ததும் கை தானாக மூக்குக்குப் போனது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

2006இல் நீங்கள் டவுசர் போட்ட பையனாக இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யூடியூபில் அந்தப் பத்து நொடித் துண்டு மட்டும் கண்ணில் பட்டிருக்கும். வெள்ளைச் சட்டை மொட்டைத்தலைக்காரர், பிரான்ஸின் ஜிடான், திரும்பி நடந்து வருகிறார், நீலச் சட்டைக்காரரின், அதாவது இத்தாலியின் மெட்டராஸியின், நெஞ்சில் முட்டுகிறார், நீலம் மல்லாந்து விழுகிறது. ஆள் கதையே அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. 2012இல் பாரிசில் பொம்பிதூ மையத்துக்கு வெளியே அந்த நொடியையே ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான வெண்கலச் சிலையாக நிறுத்தி வைத்தார்கள். உலகக்கோப்பையை வென்றவருக்குச் சிலை கிடைக்கிறது. அதிலும் அவர் முட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்!

அந்த ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். 2006 உலகக்கோப்பை இறுதி, இத்தாலியும் பிரான்ஸும், ஜூலை 9, பெர்லின். ஏழாவது நிமிடம் பெட்டிக்குள் பிரான்ஸின் மலூதா விழுகிறார், ரெஃப்ரி பெனால்டி கொடுக்கிறார். ஃபவுல் செய்ததாக விசில் ஊதப்பட்டது மெட்டராஸி மேல். ஜிடான் பந்தை நோகாமல் கிண்டிவிட, குறுக்குக் கம்பியில் பட்டு உள்ளே இறங்கியது. ஒரு ஸ்டாப்பருக்கு, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரருக்கு, இதைவிடக் கேவலமான தொடக்கம் கிடையாது. பன்னிரண்டு நிமிடம் கழித்து பிர்லோவின் கார்னர். பிரான்ஸின் வியராவுக்கு மேலே எழும்பி ஹெட்டர் போட்டு 1-1 ஆக்கியவர் அதே மெட்டராஸிதான். டை பிரேக்கரில் இத்தாலியின் இரண்டாவது பெனால்டியை அடித்தவரும் அவர்தான், கோல். பிரான்ஸின் ட்ரெசேகே கம்பியில் அடித்தார், இத்தாலி 5-3. அன்றைக்கு ஆட்டத்துக்குள் விழுந்த இரண்டு கோலும் இவர் கணக்கில்தான் வருகின்றன, ஒன்று செலவு, ஒன்று வரவு.

இத்தனைக்கும் அந்த உலகக்கோப்பையில் அவர் பெஞ்சில் உட்கார வந்தவர். செக் குடியரசுடன் ஆடும்போது இன்னொரு தடுப்பாட்டக்காரர் நெஸ்டாவுக்கு அடிபட்டதால் உள்ளே வந்தார், வந்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு கோல். அடுத்து ஆஸ்திரேலியாவுடன் 50ஆவது நிமிடத்தில் ரெட் கார்டு. பத்துப் பேரோடு தள்ளாடிய இத்தாலியைக் கடைசி நிமிடப் பெனால்டியில் சக வீரர் பிரான்செஸ்கோ தொத்தி காப்பாற்றினார். இத்தாலிக்காக மெட்டராஸி மொத்தம் 41 ஆட்டங்கள், இரண்டே கோல். இரண்டும் அந்த ஒரே உலகக்கோப்பையில்.

அப்பா ஜுசெப்பே பயிற்சியாளர் என்பதால் சிபாரிசில் வந்தவர் என்று யாராவது கருத்தில் எழுதுவார்கள், எனக்குத் தெரியும். பயிற்சியாளர் மகன் ரோமில் தோர் தி குவிந்தோ என்ற அமெச்சூர் அணியில் ஆடினார். அங்கிருந்து சிசிலியில் மார்சாலா, திராபானி என்று கீழ் டிவிஷன் மைதானங்கள். பிறகு பெருஜா. நடுவே ஒரு சீசன் இங்கிலாந்தில் எவர்ட்டன், அங்கே கோலைவிட ரெட் கார்டுகளுக்குத்தான் பேர். திரும்பப் பெருஜா. 2000-01இல் ஒரே சீசனில் 12 கோல் போட்டார். பெனால்டியும் சேர்த்துத்தான், மறைக்கவில்லை. ஆனால் இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஆவில் ஒரு தடுப்பாட்டக்காரர் ஒரு சீசனில் போட்ட அதிகபட்சம் அதுவரை 11, அது அர்ஜென்டினாவின் பசரெல்லா வைத்திருந்த சாதனை. இத்தாலிச் சட்டை முதன்முதலில் கிடைத்தது 2001இல், 27 வயதில். நம்மூரில் அந்த வயதில் பாதி ஸ்டாப்பர்கள் பூட்ஸைப் பரணில் போட்டிருப்பார்கள். நான் போட்டேன்.

இன்டர் மிலானில் பத்து வருடம், ஐந்து லீக் பட்டம் (2005-06இன் பட்டம் யுவென்டஸிடமிருந்து பறித்து மேசையில் கொடுத்தது என்று யுவென்டஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்), 2010இல் சாம்பியன்ஸ் லீக். அந்த இறுதி ஆட்டத்தில் அவரை இறக்கியது காயத்துக்கான கூடுதல் நிமிடங்களில்தான். ஆனால் ஆட்டம் முடிந்து பயிற்சியாளர் மூரினியோ இன்டரை விட்டுக் கிளம்பும்போது, காரை நிறுத்தி இறங்கி வந்து, சுவரோரம் நின்ற ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதாரே, அந்த ஒருவர் யார் என்று தேடிப் பாருங்கள்.

இத்தோடு பதிலை முடித்திருக்கலாம். முடியவில்லை.

எங்கள் பேட்டை வடசென்னை. கிளப் ரூம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள்: ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு கேரம் போர்டு, தூசி படிந்த கோப்பைகள். அந்த இறுதி ஆட்டத்துக்கு டிவியைத் தூக்கித் தெருவில் வைத்திருந்தோம். நம் நேரத்துக்கு இரவு பதினொன்றரைக்குத் தொடக்கம். கூடுதல் நேரத்தின்போது மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது, பாதிப் பேர் பாயில் சரிந்துவிட்டார்கள். கேமரா பந்தோடு போய்விட்டதால் முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, மெட்டராஸி கீழே கிடப்பது மட்டும்தான் தெரிந்தது. பிறகு ரீப்ளே போட்டார்கள். தெருவே "ஐயோ" என்றது.

அடுத்த நொடி எல்லோரும் டிவியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய், இது நம்மாளு மேட்டர்டா" என்றான் ஒருவன். "பேரையே பாரு, மதராஸியாம்" என்றான் இன்னொருவன். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர். என் கல்யாணப் போஸ்டரில்கூட பசங்க "மதராஸி" என்று அச்சடித்து ஒட்டினார்கள். மாமனார் அதற்கு விளக்கம் கேட்டார். ஊர்ப் பற்று என்று சொல்லிவைத்தேன்.

விஷயம் 2003இல் நடந்தது. ஒரு நாக் அவுட் போட்டியின் அரையிறுதி. எதிரணியில் பத்தாம் நம்பர் ஆடியவன் பக்கத்துத் தெருக்காரன், சின்ன வயதில் இருவரும் ஒரே ரப்பர் பந்தை உதைத்தவர்கள். எங்கள் பேட்டையில் அவன் மாதிரி ஒரு கால் அதற்கு முன்னும் பின்னும் பிறக்கவில்லை, இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அன்றைக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் அணிக்கு ஆள் எடுப்பவர் அவனைப் பார்க்கவே வந்து சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் பாதியில் இரண்டு தடவை என்னைத் திருப்பிவிட்டுப் போனான். இரண்டாவது தடவை நான் உட்கார்ந்தே விட்டேன், கூட்டம் சிரித்தது. இடைவேளையில் எங்கள் கோச் என் காதோரம் வந்து, "காலால முடியலன்னா வாயால நிறுத்துடா" என்றார்.

நிறுத்தினேன்.

என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். அவன் அக்காவைப் பற்றியது. அந்த அக்கா கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த சமயம், தெருவுக்கே தெரியும். எனக்கும் எத்தனையோ தடவை சோறு போட்டவர். கார்னருக்காகக் காத்திருக்கும்போது, உதடு அசைவது தெரியாமல் சொன்னேன். அவன் முழங்கை என் மூக்கில் இறங்கியது. ரெட் கார்டு. நாங்கள் 1-0இல் ஜெயித்தோம். லீக் அவனுக்கு ஆறு மாதத் தடை போட்டது. சேர் போட்டு உட்கார்ந்திருந்தவர் ஆட்டம் முடியும் முன்பே போய்விட்டிருந்தார். மறு வருடம் அந்த நிறுவனம் விளையாட்டுக்காரர்களை எடுப்பதையே நிறுத்திவிட்டது. பத்தாம் நம்பர் இப்போது ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறான்.

"அப்படியென்றால் அவன் வேலை போனது உன்னால்தான்" என்று எழுத விரல் துடிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆள் அவனைத்தான் எடுத்திருப்பார் என்று யார் எழுதிக் கொடுத்தது? கை ஓங்கியது அவன்தானே? மைதானத்தில் வாய் பேசாத ஸ்டாப்பர் ஒருவனைக் காட்டுங்கள். ஜிடானையே எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் அது முதல் தடவை இல்லை. 1998 உலகக்கோப்பையில் சவூதி வீரரை மிதித்து ரெட் வாங்கினார், 2000இல் யுவென்டஸுக்கு ஆடும்போது ஹாம்பர்க் வீரர் ஒருவரை இதே தலையால் முட்டினார். நான் ஜிடானின் எதிரி அல்ல, இன்றைக்கும் அவர் பந்து வாங்கும் அழகுக்கு நான் அடிமை. மெட்டராஸி யோக்கியர் என்றும் சொல்ல வரவில்லை. 2004இல் சியெனா அணியின் சிரில்லோவை உள்ளே போகும் வழியில் குத்திவிட்டு இரண்டு மாதத் தடை வாங்கியவர். பெர்லினில் பேசியது ஜிடானின் சகோதரியைப் பற்றி என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் தாயைப் பற்றிப் பேசினார் என்று எழுதினார்களே, அதை மட்டும் அவர் கடைசிவரை ஏற்கவில்லை. பதினைந்து வயதில் அம்மாவை இழந்தவர். இல்லாததை எழுதிய ஆங்கிலப் பத்திரிகைகள் பின்னால் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடும் கொடுத்தன. விசாரணையில் ஜிடானுக்கு மூன்று ஆட்டத் தடை, மெட்டராஸிக்கு இரண்டு. பேச்சுக்கும் தடை உண்டு என்பதைக் கவனியுங்கள். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துவிட்டது.

மூக்கோடு போயிருந்தால் பரவாயில்லை. மூட்டு போனதுதான் வயிற்றெரிச்சல். நாங்கள் ஆடும் மைதானத்தை வருடத்துக்கு ஒரு முறை பொருட்காட்சிக்கு விடுவார்கள். ராட்டினம், டெல்லி அப்பளம், துணிக்கடை எல்லாம் ஒரு மாதம் நடக்கும். போகும்போது பந்தல் கம்புக்குத் தோண்டிய குழிகளை மூடாமல் போவார்கள். கேட்டால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் "மனு கொடுங்க" என்பார். நாங்களே மண் அள்ளிக் கொட்டுவோம், ஒரு மழையில் அது இறங்கிவிடும். அப்படி ஒரு குழியில் கால் மாட்டித்தான் எனக்கு ஜவ்வு கிழிந்தது. பக்கத்தில் எதிராளியே இல்லை, யாரும் இடிக்கவில்லை, பந்துகூட அந்தப் பக்கம். 27 வயதில் எல்லாம் முடிந்தது. அறுவை சிகிச்சைக்கு ஆன செலவை அந்த டெல்லி அப்பளக்காரனிடம் வசூலிக்கவா முடியும்? போன வாரம் அந்த வழியே போனேன், மறுபடி தகர ஷீட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சரி, இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தம் இருப்பது இதற்கு. மெட்டராஸி 2014இல் சென்னைக்கே வந்தார், ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்சிக்கு ஆடியபடியே பயிற்சியும் கொடுக்க. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செய்தி வந்த அன்று எனக்கு நாற்பது போன் கால். அந்த சீசன் கடைசியில் நெஸ்டாவையும் கூட்டிவந்தார். அடுத்த வருடம், ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, நடுவில் சென்னை வெள்ளம் வந்து சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடிய அணி, கோவாவில் நடந்த இறுதியில் 2-1 என்று பின்தங்கியிருந்து கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் பெற்று 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. என்ன சாதித்தார் என்று கேட்டீர்கள் அல்லவா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வருடம், 2014 டிசம்பர் 16, நேரு ஸ்டேடியம். கேரளா பிளாஸ்டர்ஸுடன் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். கொச்சியில் மூன்று கோல் வாங்கிவிட்டு வந்திருந்தோம். மத்தியானம் எனக்கு ஒரு போன். பத்தாம் நம்பர். பதினோரு வருடத்தில் தெருவில் பார்த்தால் தலையசைப்போம், அதற்குமேல் பேசியதில்லை. "மூணு டிக்கெட் கிடைச்சுது. பையனும் வர்றான். வர்றியா?" என்றான். போனேன். நடுவில் பையனை உட்காரவைத்து இரண்டு பக்கமும் நாங்கள்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் பையன் கேட்டான்: "அங்க ஒருத்தர் நெட்டையா, கையெல்லாம் பச்சை குத்திக்கிட்டு நிக்கிறாரே, அவர் யாருப்பா?"

அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். குனிந்து ஷூ லேஸைக் கட்டுவதுபோல் இருந்தேன்.

"வேர்ல்டு கப் ஃபைனல்ல கோல் போட்டவர்டா" என்றான்.

அன்றைக்கு சென்னை மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்தது, மூன்றாவதை ஜேஜே 90ஆவது நிமிடத்தில் போட்டபோது நாங்கள் மூவரும் என்ன செய்தோம் என்று எனக்கே நினைவில்லை, பையன் எப்படியோ என் தோளில் இருந்தான். கூடுதல் நேரம் போய் 117ஆவது நிமிடத்தில் கேரளாவின் பியர்சன் கோல் போட்டு எல்லாவற்றையும் முடித்துவைத்தார். மஞ்சள் சட்டைகள் மட்டும் துள்ள, மற்றபடி ஸ்டேடியமே செத்துப்போனது. பையன் அழ ஆரம்பித்தான். பத்தாம் நம்பர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"ஸ்டாப்பர் எங்கடா போனான்?" என்றான்.