காலையில் சீன அரசியல், பிற்பகலில் அமெரிக்க அரசியல்

அம்மா, மகன் தினமும் அரசியல் சொற்களை உருப்போடுகிறான், ஆங்கில மாதிரித் தேர்வில் மட்டும் மதிப்பெண் ஏறவில்லை என்று வருத்தப்பட்டீர்கள். அவன் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தேன். சீர்திருத்தமும் திறப்பும், தேசிய மக்கள் காங்கிரஸ், ஐந்தாண்டுத் திட்டம்... எல்லாம் சீன அரசு பேசும் சொற்கள். உழைப்பில் குறையில்லை, பட்டியல்தான் தப்பு.

காவ்யென் என்கிற சீன முதுகலை நுழைவுத் தேர்வின் முதல் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் அரசியல் தாள், சீன மொழியில். பிற்பகலில் ஆங்கிலம். இரண்டுக்கும் தலா 100 மதிப்பெண். சீன அரசியல் காலையோடு முடிந்துவிடும். ஆங்கில வாசிப்புப் பகுதிக்குள் வருவது பெரும்பாலும் அமெரிக்காவும் பிரிட்டனும்தான்.

ஆங்கிலத் தாளில் ஆங்கிலம்-1, ஆங்கிலம்-2 என்று இரண்டு வகை. 2013 ஆங்கிலம்-1 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசோனா மாநிலக் குடியேற்றச் சட்டத்தின் பெரும்பகுதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததைப் பற்றி ஒரு பகுதி வந்தது. அதில் 'வாஷிங்டன்' ஊர் இல்லை, மத்திய அரசு. 'ஜஸ்டிஸ்' நீதி இல்லை, நீதிபதி. 'ஸ்டேட்' நாடும் இல்லை, நிலைமையும் இல்லை, மாநிலம். மூன்றுமே பள்ளியில் படித்த சொற்கள்! தெரியாத சொல் வந்தால் பையன் உஷாராகிவிடுவான். தெரிந்ததாக நினைக்கும் சொல்தான் காலை வாரும். 'பில்' என்றதும் ஹோட்டல் ரசீது நினைவுக்கு வருகிறவனுக்கு, அது மசோதா என்று படும்போது பாதி நேரம் போயிருக்கும்.

அதனால் ஒருநாள் மாலை சொல் மனப்பாடமே வேண்டாம். ஒரு மசோதா பிரதிநிதிகள் அவை, செனட், அதிபர் கையெழுத்து என்று எப்படிப் போகிறது, பிறகு நீதிமன்றம் எங்கே குறுக்கிடுகிறது என்பதைச் சீன மொழியிலேயே படிக்கட்டும். கதை புரிந்தால் சொற்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும். அடுத்து பழைய வினாத்தாள்கள். சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மொழிபெயர்ப்பு முதுகலைக்குப் போவதாக இருந்தால் அதுதான் தங்கம். அங்கே அரசு ஏற்ற வடிவத்தையே எழுத வேண்டும். பல நாடுகளைச் சாலை, ரயில், துறைமுகங்களால் இணைக்கும் சீனத் திட்டமான 'பெல்ட் அண்ட் ரோடு' என்றால் பின்னால் 'இனிஷியேட்டிவ்' வரும், 'ஸ்ட்ராட்டஜி' என்று எழுதக்கூடாது. 'சுவான்சுவான்' (பரப்புரை, விளம்பரம்) சீனத்தில் சாதாரணச் சொல். அதை 'ப்ரோபகாண்டா' என்று எழுதினால் ஆங்கிலத்தில் வசவுபோல் ஒலிக்கும். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் பரப்புரைத் துறையே தன்னை ஆங்கிலத்தில் 'பப்ளிசிட்டி' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. கல்லூரி ஆங்கிலத் தேர்வுகளில் 2013 டிசம்பர் முதல் வரும் பத்தி மொழிபெயர்ப்புக்கும் பட்டியல் ஓரளவு உதவும்.

ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: அவன் எழுதப்போவது ஆங்கிலம்-1-ஆ, 2-ஆ? இரண்டாவது என்றால் நீதிமன்றத்தைவிட வணிகமும் வேலைவாய்ப்பும்தான் அதிகம் வரும். அதற்கேற்ப மேலே சொன்னதைக் குறைத்துக்கொள்ளலாம்.