பெரிய காயிலும் பத்து ஃபெரிங்கி மணலும்

அன்புள்ள ஐயா,

மெட்டல் டிடெக்டர் ஒன்று கைமாறி வந்தது. கூடவே 6, 11, 15 அங்குலத்தில் மூன்று காயில்கள், அதாவது தண்டின் அடியில் மாட்டும் தேடு தட்டுகள். பெரியதைப் போட்டால் ஆழத்தில் கிடப்பதெல்லாம் அகப்படும் என்றார் விற்றவர். பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் போட்டுப் பார்த்தேன், விடாமல் கத்துகிறது. ஈர மணலில் இன்னும் மோசம். தோண்டினால் பாட்டில் மூடிதான் வருகிறது. காயிலில் கோளாறா, என்னிடம் கோளாறா?

ம., பட்டர்வொர்த்

அன்புள்ள ம.,

இரண்டிலும் இல்லை. விற்றவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். பெரிய காயில் ஆழமாகப் பார்க்கும் என்பது சரி, ஆனால் பெரிய பொருளைத்தான் அப்படிப் பார்க்கும். மெல்லிய மோதிரம், தோட்டின் திருகாணி போன்றவற்றை அது கோட்டை விட்டுவிடும். அதன் காந்தப் புலம் அகலமாகப் பரவுவதால் சின்னப் பொருள் எழுப்பும் சத்தம் அதில் கரைந்துபோகிறது.

அதைவிடப் பெரிய தொல்லை, குப்பை. பத்து ஃபெரிங்கியில் ஹோட்டல்காரர்கள் மேலே கூட்டிப் பெருக்கினாலும், மணலுக்குள் பாட்டில் மூடி, டின்னைத் திறக்கும் வளையம், சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள் எல்லாம் புதைந்தே கிடக்கும். 15 அங்குலக் காயிலுக்கு அடியில் ஒரே நேரத்தில் இவற்றில் மூன்று நான்கு வந்துவிடும். பக்கத்திலேயே மோதிரம் கிடந்தாலும் மூடியின் இரும்புச் சத்தம் அதை அமுக்கிவிடும். எத்தனை ஆழம் வேண்டும் என்று பார்த்துக் காயில் மாட்டாதீர்கள். அந்த மணலில் எவ்வளவு குப்பை என்று பாருங்கள்.

அதே இடத்தில் 6 அங்குலத்தைப் போடுங்கள். மூடிக்கும் மோதிரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தாலே பெரும்பாலும் தனித்தனியாகக் கத்தும். ஆழம் குறையும்தான். ஒரு காசு அளவுப் பொருளுக்கு, காயிலின் அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு ஆழம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் நேற்று விழுந்த மோதிரம் பெரும்பாலும் அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்காது. மாசி மகத்துக்கு மறுநாள் பக்கத்துக் கடற்கரையான தெலுக் பஹாங் பக்கம் போக நினைத்தாலும் சின்னதுதான். அங்கே கூட்டம் போட்ட குப்பையும் கழன்று விழுந்த தோடும் ஒன்றாகத்தான் கிடக்கும். சின்னக் காயில் ஒரு வீச்சில் குறுகிய பட்டையைத்தான் பார்க்கும் என்பதால் மெதுவாக, முந்தைய வீச்சின் மேல் பாதி விழுமாறு வீசுங்கள்.

உங்கள் காயில் டபுள் டி வகையா, அதாவது உள்ளே D வடிவில் இரண்டு கம்பிச் சுருள்கள் கொண்டதா என்று பாருங்கள். அந்த வகையில் கூர்மையெல்லாம் நடுவில், முன்னிருந்து பின்னாக ஓடும் கோட்டில் இருக்கும். ஒரு பக்கமாக வீசிச் சத்தம் உச்சமாகும் இடத்தைக் குறித்துக்கொண்டு, குறுக்காகத் திரும்பி மறுபடி வீசினால் இரண்டும் வெட்டும் இடத்தில் தோண்டலாம்.

ஈர மணல் விஷயம் வேறு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் கருவி அதையே உலோகம் என்று எடுத்துக்கொள்கிறது. காயில் பெரிதானால் அது பார்க்கும் உப்பும் அதிகம். சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். காயில் மாற்றும்போதெல்லாம் கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது கருவியை அந்த மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்வதைப் புதிதாகச் செய்யுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உங்களுடையது ஒற்றை அலைவரிசைக் கருவியென்றால் எந்தக் காயிலோடும் ஈர மணலில் மல்லுக்கட்டத்தான் வேண்டும். மைன்லேப் ஈக்வினாக்ஸ் போலப் பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் ஓடுகிறவை அங்கே அமைதியாக இருக்கும்.

அப்புறம், கேபிளைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றுங்கள். தொளதொளவென்று ஆடினால் அதுவே பொய்ச் சத்தம் கிளப்பும். காயிலின் அடிமூடிக்குள் மணல் சேர்ந்தாலும் அப்படித்தான். கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் செம்பரத்தைப் பூ போட்ட பழைய இருபது காசு, 2012-இல் வந்த புதிய பத்து காசு, டின் வளையம், ஒரு மூடி என்று நான்கு விரல் ஆழத்தில் தள்ளித்தள்ளிப் புதைத்து, மூன்று காயில்களிலும் கேட்டுப் பாருங்கள். பழையது நிக்கல் கலந்த செம்பு, புதிய பத்து காசு துருப்பிடிக்காத எஃகு. சத்தம் வேறுபடும். இந்தப் பயிற்சிக்கு ஈடாக எந்தக் கையேட்டையும் நான் சொல்ல மாட்டேன்.

பழங்காலப் பொருள் ஏதும் அகப்பட்டால் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி உடனே மாவட்ட அதிகாரிக்காவது சொல்லியாக வேண்டும்.

15 அங்குலத்தை விற்றுவிடாதீர்கள். ஆள் நடமாட்டம் குறைந்த, குப்பையில்லாத நீண்ட கரையில் சீக்கிரம் சுற்றிவர அதுதான் தோது, தோள்வலி மட்டும் வரும். மற்ற நாட்களுக்கு 11 மாட்டியே இருக்கட்டும். இனிமேல் காயில் வாங்கினால் உங்கள் மாடலுக்கென்றே செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். பிளக் பொருந்திவிட்டது என்பதற்காக வேலை செய்யும் என்று அர்த்தமில்லை.